ஒரு சொட்டுத் தண்ணீரில் விழிப்பவை

மைனி,

கடைவாய்ப் பல்லில் வலி. உங்கள் தம்பி உரக்கடையை அடைத்துவிட்டு வரும்போது மருந்துக் கடையில் கிராம்புத் தைலம் வாங்கிவந்து கொடுத்தார். இன்று காலை பூஜை முடிந்ததும் பஞ்சில் தொட்டுக்கொள்ளலாம் என்று மூடியைத் திருகினேன், வாசனை வந்தது. அவ்வளவுதான். பல்லும் மறந்தது, பஞ்சும் மறந்தது. பின்பக்கத் தொழுவத்தில் நீங்கள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஒரு பச்சை வாளிக்குள் குனிந்து நிற்கிறீர்கள். வாளிக்குள் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து தூங்கத் தொடங்குகின்றன. வெளியே சாரல் விழுகிறது.

உங்கள் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சீசன் ஆரம்பித்துவிட்டது, மைனி. கோவிலுக்குப் போனால் கோபுர வாசலில் காற்று முந்தானையைப் பிடித்துத் தள்ளுகிறது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று பால்காரர் சொன்னார். முன்பெல்லாம் இந்தச் சேதி காதில் விழுந்ததும் உங்களுக்குத்தான் முதலில் போன் போடுவேன். "தண்ணி வந்துட்டு மைனி" என்பேன். நீங்கள் நலம்கூட விசாரிக்க மாட்டீர்கள். "மீனு ஏறுதான்னு கேட்டியாட்டி?" என்பீர்கள். இந்த வருடமும் போனை எடுத்துவிட்டேன். உங்கள் பெயரில் விரலை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் போய்ச் சேராது என்று தெரியும். சாமிக்கு நான் சொல்வதெல்லாம் போய்ச் சேருகிறதா என்றும்தான் எனக்குத் தெரியாது, சொல்லாமலா இருக்கிறேன்?

நான் திருவேங்கடத்துக் கரிசல்காட்டுக்காரி. தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்து வளர்ந்தவள். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த முதல் வருடம், கொடியில் போட்ட சேலை நாள் கணக்காகக் காயாமல் தொங்குவதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. இப்படியும் ஒரு ஊரா என்று. உங்களைப் பற்றி அப்போது எனக்குச் சொல்லியிருந்தது கொஞ்சம்தான். மாப்பிள்ளைக்கு ஒரு அக்கா, பெரிய படிப்பு, தூரத்து ஊரில் மீன் ஆராய்ச்சி, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மீன் என்ற சொல்லையே உங்கள் அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். முட்டைகூட வாசல் தாண்டாத சைவ வீடு அல்லவா.

அந்த ஆனி மாதம் நீங்கள் வந்து இறங்கினீர்கள். ஒரு மைக்ரோஸ்கோப் பெட்டி, ஒரு ஐஸ் பெட்டி, துணிகளுக்கு ஒரு சின்னப் பை. மாடு இல்லாமல் கிடந்த தொழுவத்தைக் கழுவி, ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அத்தை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சத்தமாகச் சொன்னார்கள்: "ஊரு உலகமெல்லாம் குத்தாலத்துக்குக் குளிக்க வருது. எம்மவ மீனுக்குப் பேறுகாலம் பாக்க வந்திருக்கா."

நீங்கள் சிரித்தீர்கள். "கொல்லலம்மா. தூங்க வைக்கேன், எனக்கு வேண்டியத எடுக்கேன், தெளிஞ்சதும் எடுத்த எடத்துலயே கொண்டு விட்டுருதேன்."

"எடுக்கதுக்கு அதுகிட்ட என்னட்டி இருக்கு?"

நீங்கள் சொன்னீர்கள். உள்ளதை உள்ளபடி, பெயரைச் சொல்லிச் சொன்னீர்கள். அத்தை காதைப் பொத்திக்கொண்டு, "சிவ சிவா, இத வெளிய சொல்லிராத. மீன் ஆராய்ச்சின்னே இருக்கட்டும்" என்றார்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லாருக்கும் அதுதான் பதில்.

மீன் பிடித்துத் தர செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வருவாரே, உங்களைச் சேச்சி என்று கூப்பிடுவாரே, அவர் ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டார்: "பிடிச்சு, வயித்தத் தடவி, திருப்பி ஆத்துல வுடுததுக்கு எதுக்கு சேச்சி என்னக் கூப்பிடுதீக? நான் வீட்ல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கா." நானும் நம்பவில்லைதான். உங்கள் கிராம்புத் தைலச் செலவை நான் வீட்டுக் கணக்கில் எழுதிவைக்க, மாதக் கடைசியில் அதைப் பார்த்த அத்தை, "நம்ம வீட்ல யாருக்குட்டி இத்தன பல்லு வலிக்கு?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? மீனுக்கு மயக்க மருந்து அது என்று நீங்கள் சொன்னதும் அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைச் சேலையால் மூடிக்கொண்டு உள்ளே போனார்கள்.

எனக்கு நீங்கள் கொடுத்த வேலை, கண்ணாடிகளைக் காயவைப்பது. மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் ஸ்லைடு, சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய். "தொடச்சா போதாது. காயணும். இம்புட்டு ஈரம் இருந்தாலும் எனக்குச் சோலி கெட்டுரும்" என்றீர்கள். சாரல் காலத்துத் தென்காசியில் எதைக் காயவைப்பது? கொடியில் வேட்டியே காயவில்லை. கடைசியில் தோசைக்கல்லைச் சூடாக்கி இறக்கி, மேலே வெள்ளைத் துணியை விரித்து, அதில் கண்ணாடிகளை அடுக்கினேன். மொறமொறவென்று காய்ந்தன. நீங்கள் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தீர்கள். "இனி தோசை சுடுத எடத்துல எல்லாம் எனக்கு ஒன் நெனப்பு வந்துரும்ட்டி" என்றீர்கள். உங்களுக்கு வந்ததோ என்னவோ. எனக்கு வருகிறது.

ஏன் ஈரம் கூடாது என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் விளக்கவில்லை, நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரவைத்தீர்கள். கண்ணை வைத்தேன். மாவை உதறியதுபோல் புள்ளிகள். ஒன்றும் அசையவில்லை. "இப்பம் பாரு" என்று ஊசி முனையில் ஒரு துளி ஆற்றுத் தண்ணீரைத் தொட்டு வைத்தீர்கள். மைனி, அதை எப்படி எழுதுவேன்? அத்தனையும் ஒரே நொடியில் விழித்துக்கொண்டன. உலை கொதிப்பதுபோல் இருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு ஓட்டம் தளர்ந்தது. ஒவ்வொன்றாக நின்றது. மறுபடி மாவு.

"முடிஞ்சிட்டா மைனி?"

"முடிஞ்சிட்டு. தண்ணி படுத வரைக்கும் உள்ள தூங்கும். பட்டதும் ஓடணும். இந்தக் கொஞ்ச நேரந்தான் அதுக்கு. அதுக்குள்ள முட்டையப் போய்ச் சேரணும்."

"எந்திரின்னு அதுக்கு யாரு சொல்லுதா?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது. "அதத்தான்ட்டி நான் இத்தன வருசமா தேடுதேன்" என்றீர்கள்.

பிறகு பொறுமையாகச் சொன்னீர்கள். அந்த உயிரணுவைச் சுற்றி மெல்லிய தோல். அந்தத் தோலில் வாசல்கள். ஒவ்வொரு வாசலும் தனக்கு உரியதை மட்டுமே விடும். வெளியே தண்ணீர் மாறியதும் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே போகும். அது போனதை அறிந்து இன்னொரு வாசல் திறக்கும், கால்சியம் உள்ளே வரும். அது வந்தால்தான் வால் அடிக்கும். ஒருவர் சொல்ல, அடுத்தவர் கேட்டு, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, இப்படி ஒரு சேதி கைமாறிப் போகிறது. நடுவில் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் வால் அசையாது. உயிர் என்பது இதுதானா என்று நான் கேட்டேன். "அசையுதுன்னு எழுதுவேன். உயிருன்னு எழுத எனக்குத் தெரியாது. அத நீ கோயில்ல கேட்டுச் சொல்லு" என்றீர்கள். கேலியாக இல்லை. நிஜமாகவே கேட்டீர்கள்.

ஆனால் அந்த ஒரு வருடத்தைத்தான் நான் எழுத வந்தேன்.

எனக்குக் குழந்தை இல்லாமல் வருடங்கள் போய்க்கொண்டிருந்தன. அரச மரம் சுற்றினேன். அருவியில் குளித்து ஈரச் சேலையோடு குற்றாலநாதர் சந்நிதியில் விழுந்தேன். சஷ்டிக்குச் சஷ்டி பட்டினி. பக்தியில் எனக்குக் குறையில்லை, மைனி. ஆனால் அந்த விரதங்கள் நான் விரும்பி இருந்தவை அல்ல, எனக்குக் கொடுத்த தண்டனை. ஒருவரும் உங்கள் தம்பியை ஒரு வேளை பட்டினி இரு என்று சொல்லவில்லை. பிறகு அவருக்கு இலத்தூரில் ஒரு பெண் இருக்கிறாள் என்று பேச்சு வந்தது. தூரத்துச் சொந்தம். ஜாதகம் பார்த்தாயிற்று. அவர்கள் வீடு பார்க்க வரும் நாளும் குறித்தாயிற்று. என்னிடம் அத்தை சொன்னது, "நீ கொஞ்ச நாளு ஒங்கம்மா வீட்ல இருந்துட்டு வா." உங்கள் தம்பி நல்லவர், ஆனால் அம்மா பேசும்போது சுவரைப் பார்க்கிறவர். நான் பையைக் கட்டி அடுப்படி மூலையில் வைத்தேன். போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

பெண் வீட்டார் வரவிருந்த அன்று காலை நீங்கள் ஆற்றிலிருந்து வந்து, எடுத்ததைக் குழாய்களில் சேர்த்து, காற்றுப் படட்டும் என்று மூடியைத் திறந்து ஐஸ்மேல் வரிசையாக நிறுத்திவிட்டு, மீன்களைத் திரும்ப விடுவதற்காகப் போயிருந்தீர்கள். அத்தைக்கு ஒரே கவலை. சம்பந்தம் பேச வருகிற வீட்டில் மீன்வாடை இருக்கலாமா? சொம்பில் மஞ்சள் தண்ணீரைக் கரைத்தார்கள். மாவிலையால் வாசலில் தெளித்தார்கள். நடையில் தெளித்தார்கள். கடைசியில் தொழுவத்துக்கு வந்து, தீட்டு எல்லாம் இங்கேதானே இருக்கிறது என்று தாராளமாக, நாலு பக்கமும் தெளித்தார்கள்.

நீங்கள் திரும்பி வந்தபோது மேஜையெல்லாம் மஞ்சள். ஒவ்வொரு குழாயாக எடுத்துப் பார்த்தீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து அடுப்படி வாசலிலேயே நின்றேன்.

"எல்லாம் ஓடி முடிச்சிட்டும்மா" என்றீர்கள். அவ்வளவு மெதுவாக நீங்கள் பேசி நான் கேட்டதில்லை.

"ஒரு சொட்டுத் தண்ணியில என்ன கெட்டுப்போச்சுன்னு இப்படி மூஞ்சியத் தூக்குத?"

"வா, காட்டுதேன்."

"அந்தக் கண்றாவிய நான் பாக்கவா? ஏலே, நீ போய் என்னன்னு பாத்துட்டு வா." அத்தை உங்கள் தம்பியைத்தான் அனுப்பினார்கள். அத்தையே அனுப்பினார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஒரே ஒரு குழாய்க்கு நீங்கள் மூடி போட்டிருந்தீர்கள். அதிலிருந்து எடுத்து, நான் காயவைத்த கண்ணாடியில் வைத்து, தம்பியைக் கண் வைக்கச் சொன்னீர்கள். தண்ணீரைத் தொட்டீர்கள். அவர் தோள் ஒரு குலுக்கு குலுங்கியது.

"எக்கா! இது என்னக்கா இது?"

"கடையில மூட மூடயா பொட்டாஷ் விக்கியல்லா, அதுல உள்ள பொட்டாசியந்தான் இதுக்கும் வாசலத் தொறந்து விடுது. அம்மா தெளிச்ச தண்ணியில மத்ததெல்லாம் இப்படி ஓடி ஓஞ்சு போச்சு."

அவர் கண்ணை எடுக்கவில்லை. எல்லாம் நின்ற பிறகும் எடுக்கவில்லை. அப்படியே குனிந்தபடி கேட்டார்: "எல்லா மீனுக்கும் இப்படி அசையுமா?"

"எல்லாத்துக்கும் அசையாது. பாத்தாத்தான் தெரியும்."

"மனுசனுக்கு?"

நீங்கள் ஸ்லைடைத் துடைத்துக்கொண்டே, ஏதோ காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னீர்கள்: "மனுசனுக்கும் பாத்தாத்தான்லே தெரியும். நான் பாக்க மாட்டேன், நான் ஒன் அக்கா. திருநெல்வேலியில பாப்பாக. பொம்பளையக் கோயில் கோயிலா இழுக்கதுக்கு முன்ன பாக்க வேண்டியது. அசையலன்னா அசையலன்னு சொல்லணும். அதுல யாருக்கும் அசிங்கம் இல்ல."

அவர் கை கழுவினார். சட்டையை மாட்டினார். எங்கே என்று அத்தை கேட்டதற்குச் சோலி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். நீங்கள் அடுப்படிக்கு வந்து, என் பையைக் காலால் உள்ளே தள்ளி, "காப்பி போடுட்டி" என்றீர்கள். சாயங்காலம் இலத்தூர்க்காரர்கள் வந்தார்கள். நான் போட்ட காப்பியையே குடித்தார்கள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டுக்கேட்டு, பதில் கிடைக்காமல் எழுந்து போனார்கள்.

அவர் சொன்னது சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டின்போது. மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "கொறை எங்கிட்டதான்ம்மா இருக்கு. இலத்தூருக்கு ஆளனுப்பி வேண்டாம்னு சொல்லிரு. இவள இனிமே இதுக்குன்னு ஒரு கோயிலுக்கும் கூட்டிட்டுப் போகாத."

"எவன்லே சொன்னான் அப்படி?"

"ஒருத்தரும் சொல்லல. கண்ணாடி வழியா காட்டுங்கன்னு நானே கேட்டுப் பாத்தேன். அசையல."

சுவரைப் பார்க்காமல், அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார், மைனி. மறுநாள் நீங்கள் பெட்டி கட்டும்போது அத்தை தொழுவத்து வாசலில் வந்து நின்று, தெளிக்க வந்ததைத் தவிர உள்ளே காலே வைக்காதவர்கள், மெல்லக் கேட்டார்கள்: "அதுக்கு ஏதாவது வழி உண்டாட்டி?" நீங்கள், "உண்டான்னுதான்ம்மா தேடிட்டிருக்கேன்" என்றீர்கள்.

வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை. மதுரையில் வைத்தியம் பார்த்தோம், கரு தங்கவில்லை. போதும் என்று நிறுத்திக்கொண்டோம். போனில் உங்களுக்குச் சொன்னபோது, "எனக்கு இன்னும் சோலி மிச்சம் கிடக்குட்டி" என்றீர்கள். ஆறுதல் சொல்லத் தெரியாதவர் என்று அப்போது நினைத்தேன்.

நீங்கள் போன பிறகு, உங்களோடு வேலை பார்த்தவர்கள் உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் விவரத்தை அச்சடித்து அனுப்பினார்கள். எனக்கு இங்கிலீஷ் மருந்துச் சீட்டிலும் சோப்பு உறையிலும் படித்துத் தெரிந்துகொண்டதுதான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மத்தியானங்களில் வரிசையாகப் படித்தேன். தொடக்கத்தில் எல்லாம் மீன். அதற்குப் பிறகு வெள்ளாடு. எங்களுக்குக் கைகூடாமல் போன காலத்தை ஒட்டி, மனிதன் வருகிறான். அசையாத அணு, சேதி கேட்காத அணு, திறக்காத வாசல். அதற்குப் பிறகு கடைசிவரை நீங்கள் மனிதனை விடவே இல்லை. அது எங்களுக்காகவா, மைனி? இல்லை, உங்கள் வேலை தானாகவே அங்கே போய்ச் சேர்ந்ததா? எத்தனையோ சீசன் வந்தீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி அடுக்கினேன், கேட்கத் தெரியவில்லை. இப்போது கேள்வி இருக்கிறது, நீங்கள் இல்லை.

பதினாறாம் நாள் கார்டு அடிக்கக் கொடுத்தபோது உங்கள் பெயருக்குக் கீழே விந்தணு உயிரியல் ஆராய்ச்சியாளர் என்று உங்கள் தம்பியே எழுதிக் கொடுத்தார். அச்சகத்துக்காரர் போன் போட்டார். "அண்ணாச்சி, இதுல ஏதோ பிழை மாதிரி தெரியுது. மீன் ஆராய்ச்சின்னுல்லா சொல்லுவீக?" இவர், "அப்படியேதான். போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இன்று பல்லுக்கு மருந்து வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனேன். மைக்ரோஸ்கோப்பை உங்கள் மாணவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். ஸ்லைடு பெட்டி ஒன்று மட்டும் இங்கே தங்கிவிட்டது. சாரல் காற்றில் கண்ணாடியில் ஈரம் பூத்திருந்தது. தோசைக்கல்லைச் சூடாக்கி இறக்கித் துணி விரித்தேன். அப்போது எதிர்வீட்டு மருமகள் கொல்லை வழியாக வந்தாள். கல்யாணமாகி மூன்றாம் வருடம். அவளை ஐந்தருவிக்கும் அரச மரத்துக்குமாக மாமியார் இழுத்துக்கொண்டு அலைவதைப் பார்த்து, போன வாரம் நான் அந்த ஆச்சியிடம், "மொதல்ல ஒங்க மகனக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஆச்சி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கோவிலில்கூட.

"அக்கா, அவுக இன்னைக்குத் திருநெல்வேலிக்குப் போயிருக்காவ" என்றாள். "ஒங்க வீட்டு அண்ணாச்சி கடையில வச்சு என்னமோ சொன்னாவளாம். எனக்குத்தான் அசையல, நீ போய்ப் பாருலே, ஒண்ணும் அசிங்கம் இல்லன்னு."

எனக்குக் கை நின்றுவிட்டது. அவர் என்னிடம் சொல்லவே இல்லை.

"அசையலன்னு வந்துட்டா என்ன செய்வாவ, அக்கா?" என்றாள். பையைக் கட்டி மூலையில் வைத்திருந்த நாளில் என் கண்ணும் இப்படித்தான் இருந்திருக்கும்.

உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது, மைனி. விழுங்கிக்கொண்டேன். "மொதல்ல தெரியட்டும்மா. வழி தேடுதவங்க இருக்காங்க" என்றேன். வேறென்ன சொல்ல? உட்காரச் சொன்னேன். அவள் ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்துக் கொடுக்க, நான் அடுக்கினேன். எதற்கு இது என்று கேட்டாள். ஆற்று மீனைப் பற்றி, அந்த ஒரு சொட்டுத் தண்ணீரைப் பற்றி, அந்தச் சொல்லை மாற்றாமல், குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். வாசல் திறந்துதான் கிடந்தது.

மழை வலுக்கிறது. மலைமேல் கருக்கல் கட்டிவிட்டது. இந்நேரம் சிற்றாற்றில் மீன் ஏறும். ஒரு கண்ணாடியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

நன்றாகக் காய்ந்திருக்கிறது, மைனி.